பில்லின் பின்பக்கம் படிச்சீங்களா?

அனுப்பர்பாளையத்தில் இருக்கும் என் அத்தை, நகையை அடகு வைத்து ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கினார். பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஆறாவது மாதமே மெஷின் நூலை அறுக்க ஆரம்பித்தது. மெக்கானிக் நாலு முறை வந்து பார்த்தும் சரியாகவில்லை. வேறு மெஷின் கேட்டால், பில்லின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அங்கே கடுகளவு எழுத்தில் ஒரு வரி: பிரச்னை எதுவானாலும் மும்பையில் ஆர்பிட்ரேஷன் மூலமே தீர்க்கப்படும். அதாவது, கோர்ட்டுக்குப் பதில் ஒரு தனி நடுவர். அவருக்கான ஃபீஸும் நாம்தான் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும்.

"மும்பைக்கு நான் எங்க கண்ணு போறது?" என்று அத்தை போன் செய்தார்.

போகவே வேண்டாம். பில்லில் ஆர்பிட்ரேஷன் என்று இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று, எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

ஆனால், இன்னொரு சிக்கல் உண்டு. தொழிலுக்கு வாங்கியவர் 'நுகர்வோர்' இல்லை என்பார்கள். திருப்பூரில் பாதி வீடு தொழிற்கூடம்தானே! இதற்குப் பதில், நம்ம கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் மீது லட்சுமி இன்ஜினீயரிங் தொடுத்த வழக்கில் இருக்கிறது. 1995-ல் வந்த அந்தத் தீர்ப்பில் மெஷின் வாங்கிய நிறுவனம் தோற்றுப்போனது. ஆனால், பிழைப்புக்காக மெஷின் வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். அத்தைக்குத் துணை, மருமகள் மட்டும்தான்.

எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றை 2019 சட்டம் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால், அப்படி ஒரு ஒப்பந்தத்தை எதிர்த்துப் புகார் கொடுக்க மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அறுபதாயிரம் ரூபாய் மெஷினுக்கு யார் அவ்வளவு தூரம் அலைவார்கள்? அந்த அதிகாரத்தை மாவட்டத்துக்கும் கொடுத்தால், பில்லின் பின்பக்கத்தில் அச்சடிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

(தைத்துக் கொடுத்த கூலி வரவில்லை என்றால் அதற்குச் சட்டமே வேறு. 2006-ம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். உத்யம் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.)

பிரச்னை தொடங்கியதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அத்தைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பில், மெக்கானிக் கொடுத்த சீட்டுகள், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாயிற்று. இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலேயே பதிவு செய்யலாம். சந்தேகம் இருந்தால் 1915-க்கு அழைக்கலாம்.

மனுவை வாசித்துக் காட்டியதும் அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மெஷின ஓட்டறது நாந்தான்னு போட்டிருக்கியா?"

முதல் பாராவிலேயே போட்டிருக்கிறேன்.