சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. சித்திரத்தைக் கண்டு மகிழும் நாம், அதை எழுதுகிறவனின் வாழ்வுக்குச் சுவர் உண்டா என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? என்னை எண்ண வைத்தது ஓர் அனுபவம்.

சென்ற ஆடியில் எங்கள் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி நடந்தபோது, கடை போட்டிருந்த வியாபாரி ஒருவர் விளம்பரப் பலகைக்குப் படம் கேட்டார். மூன்று இரவு கண்விழித்து வரைந்து கொடுத்தேன். கூலி என்றதும் சிரித்தார். "படந்தானே தம்பி! நேரம்போக்குக்கு வரைஞ்சதுக்குத் துட்டா?" என்று சொல்லி, ஒரு சாயாவும் பருப்புவடையும் வாங்கித் தந்தார். அந்தப் பலகைக்கு ஆணி அடித்தவருக்கோ அன்றைக்கே கூலி கிடைத்தது!

என் தந்தை ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ரப்பர் மரத்தின் பட்டையில் இருக்கிறது பால். அதற்கும் உள்ளே கேம்பியம் என்னும் வளர்திசு. கத்தி அதைத் தொட்டால் மரம் புண்படும். இதை நான் தாவரவியல் வகுப்பில் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அப்பாவின் கை அதை எப்போதோ அறிந்திருக்கிறது. பார்ப்பவருக்கு அது வெறும் கீறல்!

ஓவியனின் கோடும் அப்படித்தான். கதைக்குப் படம் வரைகிறவர் முதலில் கதையை ஊன்றி வாசிக்க வேண்டும். முடிவைக் காட்டிக்கொடுக்காமல் ஆவலைத் தூண்டும் கட்டம் எது என்று தேர வேண்டும். பாத்திரத்தின் வயது, உடை, ஊர், வீட்டுத் திண்ணை யாவும் மனக்கண்ணில் வர வேண்டும். பென்சிலால் போட்டும் அழித்தும் பார்த்த பிறகே மை தொட வேண்டும். அத்தனையும் இதழ் அச்சேறும் நாளுக்குள்! வாசகர் ஒரு நொடி பார்த்துப் பக்கத்தைப் புரட்டும் படத்தில் ஒருவரின் ஒரு நாள் கரைந்திருக்கிறது.

புதுக்கோட்டையில் 1938-இல் பிறந்த ரங்கநாதன், சென்னைக்கு வந்து திரைப்பட விளம்பரங்கள் வரைந்தார். 1959-இல் 'குமுதம்' இதழில் படம் வெளிவந்தது. அவரே 'மாருதி'. 2023-இல் மறையும் வரை, பல இதழ்களின் கதைகளுக்கும் நாவல் அட்டைகளுக்கும் அவர் தந்த முகங்கள் எத்தனை! தஞ்சையில் பிறந்த கோபுலு, 'ஆனந்த விகட'னில் 'தில்லானா மோகனாம்பாள்' பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர். பிற்காலத்தில் பக்கவாதம் வலக்கையைத் தாக்கியபோது, இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். இதுவா நேரம்போக்கு?

"அவர்கள் மேதைகள், எல்லாரும் மாருதி ஆக முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். முடியாதுதான். ஆனால் கூலி என்பது மேதைமைக்குத் தரும் பரிசு அன்று. உழைப்புக்குத் தரும் விலை. தோட்டத்திலேயே சிறந்த வெட்டுக்காரருக்கு மட்டும்தான் சம்பளம் என்று யாரேனும் சொல்வார்களா?

சம்பளமில்லாத தனி ஓவியருக்கு இன்னொரு துன்பமும் உண்டு. மழை பெய்தால் அப்பாவுக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. தனி ஓவியருக்கோ எந்த மாதம் மழைமாதம் என்றே தெரியாது! "படம் வரைஞ்சா அடுப்பு எரியுமா மக்களே?" என்று அப்பா கேட்பது கலை மீதுள்ள வெறுப்பால் அன்று; மழைக்காலத்தை அறிந்த அச்சத்தால். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டத்தை விட்டுத் தூரிகை பிடிக்க எனக்கும் துணிவில்லை. ஆனால் தூரிகையை விட்டுவிடவும் மனமில்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வேலை தொடங்குமுன்பே கூலியைப் பேசிவிட வேண்டும். நண்பனானாலும் படத்தை இலவசமாகக் கேட்கக் கூடாது. வரைந்தவர் பெயரை அச்சிட வேண்டும். உரிமையை விற்றுவிட்ட பிறகும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையைப் படைத்தவருக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு தருகிறது. சட்டம் தந்ததை நாம் மறுக்கலாமா? நம் கல்லூரி மலரின் அட்டைப்படத்திலிருந்தே இதைத் தொடங்கலாமே!

சென்ற வாரம் பால்வெட்டுக் கத்தி பிடித்த அப்பாவின் கையை வரைந்து அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதுக்கு என்ன கூலி மக்களே?" என்றார். அன்று அந்த வியாபாரி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது!