கல்லூரி இடமும் குடும்பத்தின் கணிப்பும்

வைகாசி பிறந்ததும் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் இரண்டு கேள்விகள் எழுவது வழக்கம். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்பது ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்குப் பொறியியற் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை காண்பதற்கு நம் விவசாயிகள் அணையின் மட்டத்தையும் சென்ற சில ஆண்டுகளின் மழையையும் எண்ணிப் பார்க்கிறார்கள். இரண்டாவது கேள்வியையோ யாரோ சொன்ன ஓர் எண்ணைக் கொண்டு ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். பிள்ளையின் நான்கு ஆண்டு வாழ்க்கையும், பல வீடுகளில் அடகுக்குப் போகும் நகையும் நிலப்பத்திரமும் இந்த இரண்டாவது முடிவைச் சார்ந்தே நிற்கின்றன. ஆதலின் இதைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது நம் கடமையாகிறது.

தமிழ்நாட்டில் பொறியியற் படிப்புக்கு 1984ஆம் ஆண்டு முதல் இருந்து வந்த நுழைவுத் தேர்வு, 2006இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் கைவிடப்பட்டது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. கணிதத்தின் நூறு மதிப்பெண் முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் இரண்டும் பாதியாகவும் கொள்ளப்பட்டு, 200க்குக் கணக்கிடப்படுகின்றன. கணிதத்தில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்ற மாணாக்கருக்கு 90, 42, 44 ஆகிய மூன்றும் கூடி 176 ஆகும். இந்த எண்ணையே வீடுகளில் ‘கட்ஆப்’ என்று வழங்குகிறோம். இதனை வைத்துத் தரவரிசைப் பட்டியல் தயாராகிறது. முன்பு கலந்தாய்வுக்காகத் தகப்பனும் பிள்ளையும் இரவு ரயிலேறிச் சென்னைக் கிண்டிக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2018 முதல் எல்லாம் இணையவழியே நடைபெறுகின்றன. பயணம் குறைந்தது, குழப்பம் குறையவில்லை.

முதற் குழப்பம் மதிப்பெண்ணைப் பற்றியது. “சென்ற ஆண்டு இந்தக் கல்லூரியில் 176க்கு இடம் கிடைத்தது; நம் பையனும் 176தான்” என்று மகிழ்வோரும், “178 வேண்டுமாமே” என்று சோர்வோரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 176 பெற்றவர் ஆயிரக்கணக்கில் முன்னே நிற்பர். கடினமான ஆண்டில் அதே மதிப்பெண் மிக உயர்ந்த இடத்தைத் தரும். 2021ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு பொதுத் தேர்வே நடைபெறவில்லை. பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டு மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அந்த எண்ணை அதற்கு முந்தைய ஆண்டின் எண்ணோடு ஒப்பிடுவது, படியால் அளந்த நெல்லைத் தராசில் நிறுத்த நெல்லோடு ஒப்பிடுவது போன்றதே.

ஆதலால் மதிப்பெண்ணை விட்டுத் தரவரிசை எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனையாவது இடத்தில் நின்றவர் வரை அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், தம் வகுப்புக்குரிய ஒதுக்கீட்டில் இடம் பெற்றார் என்பதே பொருளுள்ள கேள்வி. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடங்கள் ஒதுக்கீட்டுக்கு உரியவை. எஞ்சிய 31 விழுக்காடு பொதுப்போட்டிக்கு உரியவை. ஆகவே ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரே எல்லை எண் என்பது இல்லை. ஓராண்டுக் கணக்கை மட்டும் பார்த்துச் சங்கத்தின் நிலையை யாரும் மதிப்பிடுவதில்லை அல்லவா? இங்கும் மூன்று ஆண்டுகளின் இறுதித் தரவரிசையை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது புலப்படும்.

இரண்டாவது குழப்பம் இதனினும் பெரியது. விருப்பப் பட்டியல் எழுதும்போது, “இது நமக்குக் கிடைக்காது, எழுதி என்ன பயன்?” என்று உயர்ந்த கல்லூரிகளைப் பெற்றோரே அடித்துவிடுகிறார்கள். இடம் ஒதுக்கும் முறையை அறிந்தால் இந்த அச்சம் நீங்கும். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. நம் பிள்ளையின் முறை வரும்போது அவர் எழுதிய முதல் விருப்பத்தைப் பார்க்கிறது. அங்கே இடம் இருந்தால் தருகிறது. நிரம்பியிருந்தால் இரண்டாவதற்குப் போகிறது. முதலில் எழுதியது கிடைக்காததனால் இரண்டாவதன் வாய்ப்பு ஒரு நூலிழையும் குறைவதில்லை. ஆதலின் கிண்டிப் பொறியியற் கல்லூரியையோ, 1981இல் தொடங்கப்பெற்ற நம் திருநெல்வேலி அரசு பொறியியற் கல்லூரியையோ விரும்புகிறவர், கிடைக்குமா என்று ஐயுற்றாலும் அதனை மேலே எழுதுவதில் நட்டமில்லை. எழுதாமல் விட்டால்தான் நட்டம். வரிசையை ஆசையின்படி அமைக்க வேண்டும், கணிப்பின்படி அமைக்கலாகாது.

அப்படியாயின் கணிப்பு எதற்கு என்று கேட்கலாம். பட்டியலின் அடிப்பகுதிக்கு அது மிகவும் வேண்டும். நான்கைந்து கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்போர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய சில கல்லூரிகளை, அவையும் சேரத் தக்கவையே என்று விசாரித்தறிந்த பின், கீழே எழுதி வைப்பது அறிவுடைமை. விரைவில் நிரம்பும் கல்லூரி யாவும் நல்ல கல்லூரி என்றும், நிரம்பாதது தாழ்ந்தது என்றும் எண்ணவேண்டியதில்லை. தரவரிசை எல்லை மக்களின் விருப்பத்தைக் காட்டுகிறது. கற்பிக்கும் திறத்தை அது காட்டாது. அதற்குத் தேர்ச்சி விழுக்காட்டையும், ஆய்வுக்கூடத்தையும், அங்கே படித்தவர்களின் சொல்லையும் நாடவேண்டும். இடம் ஒதுக்கப்பட்ட பின் குறித்த நாளுக்குள் அதனை உறுதி செய்ய வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. ஏற்றுக்கொண்டே மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. வாளாவிருப்பவர் இடத்தை இழப்பர்.

கணிப்பு வேண்டிய மற்றோர் இடம் பணம். தேர்வு முடிவு வருமுன்பே வீடு தேடி வந்து, “இப்போதே முன்பணம் கட்டினால் இடம் உறுதி” என்று கூறும் இடைத்தரகர்களை நம் ஊர்கள் அறியும். சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் தம் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசுக் கலந்தாய்வுக்கு அளிக்கின்றன. எஞ்சியவை நிர்வாகத்துக்கு உரியவை. தரகர் விற்பது இவற்றையே. கலந்தாய்வு முடியும்போது பல கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களே நிரம்பாமல் நிற்பது அண்மை ஆண்டுகளில் வழக்கமாகிவிட்டது. சித்திரையில் நகையை அடகு வைத்து வாங்கிய இடம், ஆவணியில் குறைந்த கட்டணத்தில் கேட்பாரின்றிக் கிடக்குமானால் அந்தக் குடும்பத்தின் இழப்பை என்னவென்று சொல்வது? மூன்று ஆண்டுத் தரவரிசையை ஒரு மாலை உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்தக் கடன் நேர்ந்திராது.

அரசாங்கம் தரும் உரிமைகளையும் கணிப்பில் சேர்க்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் தனியே உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தோருக்கு இது பொருந்தாது. உதவிபெறும் பள்ளிகள் மலிந்த நம் மாவட்டத்தில் இந்த வேறுபாட்டை அறியாமல் ஏமாறுவோர் பலர். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் முடிவு வருமுன்பே வாங்கி வைத்தல் நலம்.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம், திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்றவற்றுக்கு வேறு தேர்வு, வேறு தரவரிசை. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு உரியவை. அவற்றுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது 2021இல் வந்த வசதி. இங்கும் ஒவ்வோர் ஆண்டின் இறுதித் தரவரிசை வெளியிடப்படுகிறது. ஈராண்டுப் பயிற்சிக்குப் பெருந்தொகை கேட்கும் இடங்களில் பணத்தைக் கட்டுமுன், பிள்ளையின் இன்றைய நிலையை அந்த எண்களோடு நேர்மையாக ஒப்பிட வேண்டும். விண்ணப்பிப்பதற்கு ஆசை போதும். கடன் வாங்குவதற்குக் கணக்கு வேண்டும்.

“ஏழைப் பிள்ளைக்கு வீண் ஆசை காட்டலாமா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்களுடைய அச்சம் அன்பினால் பிறந்தது. அதனை நாம் மதிக்கிறோம். எனினும் மேலே விளக்கிய முறையில் ஆசைக்கு விலை இல்லை. வழக்குரைஞர் வீட்டுப் பிள்ளை பத்துப் பேரைக் கேட்டு நீண்ட பட்டியல் எழுதுகிறது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவரைக் கேட்டுக் குறுகிய பட்டியல் எழுதுகிறது. இருவர் மதிப்பெண்ணும் ஒன்றாயினும் சேரும் கல்லூரி வேறாகிவிடுகிறது. திறமையில் வேறுபாடு இல்லாதபோது செய்தி அறிவதில் மட்டும் இவ்வளவு வேறுபாடு இருக்கலாமா?

நூலின் விலையையும் துணியின் விலையையும் வியாபாரி ஒருவரே அறிந்திருந்தவரை நெசவாளி அவர் சொன்னதை வாங்கிக்கொண்டார். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும், ஊர்தோறும் சங்கங்கள் வளர்ந்ததும் அந்த நிலையை மாற்றுவதற்கே. கல்லூரி இடமும் இன்று அத்தகைய சரக்காகியிருக்கிறது. ஆகவே கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் போன்ற நெசவு ஊர்களிலும் அம்பாசமுத்திர வட்டாரத்து விவசாயக் கிராமங்களிலும் உள்ள சங்கங்கள், தேர்வு முடிவு வெளியான வாரத்தில் தம் கட்டடத்தில் ஒரு மாலைக் கூட்டம் நடத்தட்டும். மூன்று ஆண்டு இறுதித் தரவரிசைகளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டட்டும். பொறியியல் படித்த உறுப்பினர் பிள்ளைகள் இருவர் மூவர் அமர்ந்து, விருப்பப் பட்டியல் எழுத உதவட்டும். எந்தத் தரவரிசையில் யார் எங்கே சேர்ந்தார் என்று ஒரு பதிவேடு வைத்தால், ஐந்து ஆண்டுகளில் எந்தத் தரகரிடமும் இல்லாத கணக்கு நம் சங்கத்தின் பேழையில் இருக்கும். இதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.