600 பிராங்கு வாடகையும் ஓர் ஓவியர் ஊரும்

பிரான்சில் 'ஓவியர்களின் ஊர்' என்று பெயரெடுத்த சின்னச் சின்னப் பழைய ஊர்கள் கனக்க இருக்கு. எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே கதைதான் சொல்லுவார்கள். ஊர் அவ்வளவு வடிவு, வெளிச்சம் அப்படி, கல்வீடுகள் அப்படி, அதனால்தான் ஓவியர்கள் தேடி வந்தார்கள். யூடியூப்பில் தமிழில் பயண வீடியோ போடுகிற ஆக்களும் இதையே திருப்பிச் சொல்லுகினம். எங்களுக்கு இந்தக் கதையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மற்ற ஊர்களைப் பிறகு பாப்பம். மொரே-சூர்-லுவான் என்ற ஊரைப் பொறுத்தவரை இது பாதிக் கதைதான்.

மொரேயின் இன்றைய முகம் அல்பிரட் சிஸ்லி. மொனே, ரெனுவார் ஆகியோரோடு ஒரே பட்டறையில் ஓவியம் படித்தவர். 1874இல் நடந்த முதலாவது இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் அவருடைய படங்களும் இருந்தன. 1880இல் மொரேக்குப் பக்கத்து ஊரான வெனுவுக்குக் குடிவந்தார். அடுத்த வருசம் ஓகஸ்ட் மாதம் மொனேக்கு ஒரு கடிதம் எழுதி, மொரே பற்றிச் சொல்கிறார். பாரிசிலிருந்து இரண்டு மணித்தியாலம், வாடகைக்கு வீடு தட்டுப்பாடில்லை, வருசத்துக்கு 600இலிருந்து 1000 பிராங்கு வரை, கிழமைக்கு ஒருமுறை சந்தை கூடும். இதெல்லாம் சொன்ன பிறகுதான் தேவாலயம் வடிவானது, பார்க்கக் காட்சிகளும் இருக்கு என்கிறார்.

அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் தூரம், பிறகு வாடகை, பிறகு சந்தை, அதற்குப் பிறகுதான் அழகு. உலகத்திலேயே வெளிச்சத்தை அப்படிப் பார்க்கத் தெரிந்த இரண்டு மனிசர் தங்களுக்குள் ஓர் ஊரைப் பற்றிக் கதைத்த விதம் இது.

சிஸ்லி பிறக்கும்போது ஏழை இல்லை. பாரிசில் 1839இல் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். தகப்பனுக்கு நல்ல வியாபாரம். பிள்ளை வியாபாரம் பழகட்டும் என்று லண்டனுக்கு அனுப்பினார்கள், பிள்ளை படம் கீறப் பழகிக்கொண்டு வந்தது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் வந்தபோது தகப்பனின் வியாபாரம் விழுந்துபோனது. அதற்குப் பிறகு சாகும்வரை சிஸ்லிக்குப் படம் விற்ற காசைத் தவிர வேறு வருமானம் இல்லை. வீட்டில் யூஜெனியும் இரண்டு பிள்ளைகளும். லூவசியேன், மார்லி, செவ்ர் என்று வீடு மாறி மாறித்தான் கடைசியில் லுவான் நதிக்கரைக்கு வந்து சேர்ந்தார்.

எங்கட விரிவுரைகளில் இம்ப்ரெஷனிசம் என்றால் ஸ்லைட் போட்டு 'ஒளி, கணம், தூரிகைத் தீற்றல்' என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். வாடகை பற்றி ஒரு ஸ்லைடும் இல்லை. வறுமைதான் கலையைத் தருது என்ற கதையைச் சொல்ல வரவில்லை. அது விசர்க்கதை. வறுமை சிஸ்லிக்கு ஒரு படத்தையும் கீறிக் குடுக்கவில்லை. ஆனால் எங்கே நின்று கீறுவது என்பதை முடிவு செய்ததில் அதற்குப் பெரிய பங்கு இருக்கு. பாரிசிலிருந்து அந்த இரண்டு மணித்தியாலத் தூரம் இல்லாவிட்டால் அந்த வாடகை இல்லை. அந்த வாடகை இல்லாவிட்டால் மொரே 'ஓவியர் ஊர்' ஆகியிருக்குமோ என்பதே சந்தேகம்.

இந்தக் கடிதத்தை வாசித்தபோது எங்களுக்கு வந்த யோசனை ஒன்று. பிரான்சில் இருக்கிற எங்கட சொந்தக்காரர் எல்லாரும் எப்போதோ ஒருநாள் இதே கடிதத்தை போனில் சொல்லியிருக்கினம். "லாச்சப்பலில இருந்து ரயிலில இவ்வளவு நேரம்தான், வாடகை குறைவு, கிழமைக்கு ஒருக்கால் சந்தை இருக்கு, வந்து பாருங்கோ." சிஸ்லி மொனேக்கு எழுதினதும் இதுதான்.

அந்தச் சொந்தக்காரரின் தயவில்தான் எங்களில் இரண்டு பேருக்கு மொரே போகக் கிடைத்தது. "அங்க என்ன கிடக்கு, லூர்து மாதாவிட்டப் போயிட்டு வாங்கோவன்" என்றார் சித்தி. இப்போது கார் து லியோன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நிலையத்திலிருந்து பழைய ஊர் நடந்து போகிற தூரம். இரண்டு பக்கமும் பெரிய கோட்டை வாசல்கள், ஒன்று சமுவா வாசல், மற்றது பூர்கோய்ன் வாசல். ஒரு காலத்தில் மொரே பிரெஞ்சு அரசனின் நிலத்துக்கு எல்லை ஊர், வெளியாள் உள்ளே வராமல் இருக்கக் கட்டியவை இவை. பூர்கோய்ன் வாசலுக்கு வெளியே கல்பாலம், அதன் கீழே லுவான். 1638இலிருந்து இங்கே கன்னியாஸ்திரிகள் செய்துவந்த பார்லிச் சீனி மிட்டாயும் இந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. நல்லாத்தான் இருந்தது, ஆனால் அதுக்காக ஒரு ரயில் பிடிக்கத் தேவையில்லை.

சிஸ்லி நின்று கீறிய இடங்களில் அந்தந்தப் படத்தின் பிரதியைப் பலகையில் போட்டு நட்டிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது சனத்தைக் கெடுக்குது. வருகிற ஆக்கள் பலகையைப் பார்ப்பார்கள், பாலத்தைப் பார்ப்பார்கள், "அப்படியே இருக்கு" என்பார்கள், ஒரு போட்டோ, அடுத்த பலகை. பாலம் அப்படியே இருக்கு என்று காட்டுவதற்காக சிஸ்லி படம் கீறவில்லை. 1893இல் அவர் கீறிய மொரே பாலம் பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கு. அதில் முக்கால்வாசி வேலையை வானமும் தண்ணியும் செய்யுது. பலகையில் இருக்கிற பிரதியில் முதலில் வெளிறிப் போகிறது அந்த இரண்டும்தான்.

தேவாலயத்துக்கு முன்னால்தான் நாங்கள் கூடுதலான நேரம் நின்றோம். 1893, 1894 ஆகிய இரண்டு வருடங்களில் சிஸ்லி இந்த ஒரே தேவாலயத்தைப் பத்துக்கும் மேற்பட்ட தடவை கீறினார். காலை வெயிலில், மழை பெய்து முடிந்த பிறகு, பின்னேரத்தில். அதே காலத்தில்தான் மொனேயும் ரூவான் பேராலயத்தைத் திருப்பித் திருப்பிக் கீறிக்கொண்டிருந்தார். கலை வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, மொனே மேதை, சிஸ்லி பின்னால் வந்தவர் என்று முடித்துவிடுவது வழக்கம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மொனே பேராலயத்துக்குக் கிட்டப் போய், கல்லே கரைந்து போகும்வரை பார்க்கிறார். சிஸ்லி தள்ளி நின்று பார்க்கிறார். கல் கல்லாகவே இருக்கு, தெரு இருக்கு, பக்கத்தில் சந்தைக் கொட்டகை இருக்கு, நடந்து போகிற சனம் இருக்கு. மழை பெய்தால் ஒரு கட்டடத்துக்கும் அதைச் சுற்றிச் சீவிக்கிறவர்களுக்கும் என்ன நடக்குமோ, அது படத்தில் நடக்குது. கடிதத்தில் சந்தையைத் தேவாலயத்துக்கு முன்னால் எழுதிய மனிசனின் படம் வேறு எப்படி இருக்கும்!

ஊருக்குள்ளே எங்கே திரும்பினாலும் சிஸ்லி. ஆனால் இந்த ஊருக்கும் இந்த நாட்டுக்கும் சிஸ்லி யார் என்று கேட்டால் கதை வேறு. பாரிசில் பிறந்து, சில வருசம் தவிர முழுச் சீவியத்தையும் பிரான்சில் கழித்து, பிரெஞ்சு நதிகளையே கீறிய மனிசர், சட்டப்படி பிரித்தானியப் பிரசைதான். யூஜெனியோடு முப்பது வருசத்துக்கு மேல் வாழ்ந்தபிறகு, 1897இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்தார்கள். அடுத்த வருசம் பிரெஞ்சுப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். நிராகரித்தார்கள். திருப்பியும் விண்ணப்பித்தார். அந்தத் தடவை பொலிஸ் அறிக்கை அவருக்குச் சார்பாக இருந்தது. ஆனால் அதற்குள் தொண்டைப் புற்றுநோய் முற்றிவிட்டது. 1898 ஒக்டோபரில் யூஜெனி இறந்தார். 1899 ஜனவரி 29இல் மொரேயில் சிஸ்லி. பேப்பர் கிடைக்கவேயில்லை.

இந்தப் பந்தியை எங்கட ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 'ரிஜெக்ட்' என்ற சொல்லைப் பிரெஞ்சு படிக்க முதலே படித்தவர்கள் அவர்கள். சித்திக்குச் சொன்னபோது, "வெள்ளைக்காரனுக்குமா?" என்று மட்டும் கேட்டார். ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. சிஸ்லியை ஒருவரும் பிடித்து நாடு கடத்தப் போவதில்லை. போருக்குப் பயந்து வந்தவரின் விண்ணப்பமும் அவருடைய விண்ணப்பமும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு நாடு தன்னுடையவர் என்று இன்றைக்குக் கொண்டாடுகிற ஒருவரை, அவர் உயிரோடு கேட்டபோது தன்னுடையவர் என்று சொல்லவில்லை. அந்தப் பலகைகளில் போட வேண்டிய விசயம் இது என்பது எங்கள் கருத்து. பாலம் எந்த நூற்றாண்டு என்பதைவிட இதுதான் முக்கியம்.

காசுக் கதையும் இதே மாதிரித்தான். 1897இல் பாரிசில் ஜோர்ஜ் பெத்தியின் கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களோடு சிஸ்லிக்குப் பெரிய கண்காட்சி வைத்தார்கள். ஒன்றும் விலைப்படவில்லை. இறந்த பிறகு பிள்ளைகளுக்கு உதவுவதற்காக மொனே முன்னின்று ஓர் ஏலம் நடத்த வேண்டியிருந்தது. அடுத்த வருசம், 1900இல், 'போர்-மார்லி வெள்ளம்' என்ற 1876ஆம் ஆண்டுப் படத்தைக் கமோந்தோ என்ற சேகரிப்பாளர் ஏலத்தில் 43,000 பிராங்குக்கு எடுத்தார். சிஸ்லி அதை 180 பிராங்குக்குக் கொடுத்தவர் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 180 பிராங்கு, மொரேயில் ஆகக்குறைந்த வீட்டுக்கு நாலு மாத வாடகைகூட இல்லை. 43,000 பிராங்கு, ஆகக்கூடின வீட்டுக்கு 43 வருச வாடகை. அவருக்குத் தேவைப்பட்டது பத்தொன்பது வருசம்தான்.

போகிற ஆக்களுக்கு ஒரு விசயம். ஓர்சேயில் அசல் படங்களைப் பார்த்துவிட்டு மொரே போங்கள், மறுவளமாகப் போகாதீர்கள். வெயில் நாளாகத் தேடவேண்டாம். மப்பு போட்டு, நடுவில் ஒருக்கால் மழை பெய்து விடுகிற நாள்தான் சிஸ்லியின் நாள். பாலத்தில் அரை மணித்தியாலம் கமராவை எடுக்காமல் நில்லுங்கள். நேரம் இருந்தால் சீமேந்து பூசாத பழைய மதிலோரமாக நடந்து, ஊர்ச் சவக்காலைக்கும் போங்கள், அங்கேதான் சிஸ்லி இருக்கிறார். ரயிலுக்குக் காசு இடிக்குது என்றால், பாரிசிலேயே பெத்தி பலே அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க ரிக்கற் தேவையில்லை. 1894இல் பின்னேர வெளிச்சத்தில் கீறிய மொரே தேவாலயம் அந்தத் தொகுப்பில்தான் இருக்கு.