அறைக்குள் சாகுபடி: லாபத்தைத் தீர்மானிக்கும் மின்கட்டணம்

அறைக்குள் எல்.இ.டி. விளக்கொளியில் கீரை வளர்க்க முனைவோர் முதலில் கணிக்க வேண்டியது மின்செலவை. விளக்குகளின் மொத்த வாட் அளவை எரியும் நேரத்தால் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 100 வாட் விளக்குகள் பத்து, நாள்தோறும் 16 மணி நேரம் எரிந்தால் 30 நாள்களில் 480 யூனிட் செலவாகும். யூனிட்டுக்கு ரூ.8 எனக் கொண்டால் ரூ.3,840.

கணக்கு அத்துடன் முடிவதில்லை. மூடிய அறையில் அந்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. அதை வெளியேற்றும் ஏ.சி. மேலும் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் கொண்டால், செலவு ரூ.5,120 ஆகும். வீட்டு இணைப்பில் இந்தக் கூடுதல் பயன்பாடு உயர் அடுக்குக் கட்டணத்தில் சேரும் என்பதால், சராசரிக் கட்டணத்தைக் கொண்டு கணிப்பது ஏமாற்றத்தில் முடியும்.

2023-இல் திருத்தப்பட்ட மத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வகைசெய்கின்றன. மாநிலத்தில் அது நடைமுறைக்கு வந்து, ஸ்மார்ட் மீட்டரும் இருந்தால், எட்டு மணி நேரத்தைப் பகலுக்கு மாற்றி, மாலை உச்ச நேரத்தையும் தவிர்ப்பதன் மூலம் ரூ.512 மிச்சமாகும். அப்போதும், மாதம் 20 கிலோ கீரை விளைந்தால் கிலோவுக்கு மின்செலவு மட்டும் ரூ.230. சந்தை விலை அதைத் தாங்குமா என்பதே முதலீட்டுக்கு முன் எழ வேண்டிய கேள்வி.