சொல்லாம வாங்க

வெளிநாட்டுல படிக்கிற பசங்களைப் பார்க்கப் போறவங்க ஒரு வாரம் முன்னாடியே தகவல் சொல்லணும், அதுதான் நாகரிகம்னு ஒரு கருத்து ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. ஜெர்மன்காரங்ககிட்ட கேட்டா கேக்கவே வேணாம், காபி குடிக்கவே டைரியைப் புரட்டித் தேதி பார்க்கிற ஜனங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை மக்களே. பழைய நண்பனா இருந்தா சொல்லாமத்தான் வரணும்.

2025 பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை. இடம் ஆஹன், பெல்ஜியமும் நெதர்லாந்தும் தொட்டுக்கிட்டு இருக்கிற ஊர். இங்க அழைப்பு மணியில வீட்டு நம்பர் இருக்காது, குடும்பப் பேர்தான் இருக்கும். நமக்கேது குடும்பப் பேரு? பாஸ்போர்ட்ல அப்பா பேர் அந்த இடத்துல இருக்கு, அதனால என் மணியிலயும் எங்கப்பா பேருதான். மணி அடிச்சுது. எடுத்தா, அப்பா பேரைச் சொல்லி "சார் வீட்ல இருக்காங்களா?"ன்னு மதுரைத் தமிழ்ல ஒரு குரல். பாலிடெக்னிக்ல மூணு வருஷம் கூடப் படிச்சவன். கம்பெனி வேலையா பிரஸ்ஸல்ஸ் வந்தவன், ஒண்ணேகால் மணி நேர ரயில்தானேன்னு ஏறி வந்துட்டான்.

முன்னாடியே சொல்லியிருந்தான்னு வைங்க. சனிக்கிழமையே கறி வாங்கி வச்சிருப்பேன், ஹீட்டர் மேல காயுற துணியெல்லாம் அலமாரிக்குள்ள போயிருக்கும். சார்லமேன் கட்டின தேவாலயத்தைக் காட்டி, 1978-ல யுனெஸ்கோ போட்ட முதல் பட்டியல்லயே இது இருக்குன்னு பெருமை பேசியிருப்பேன். மூணு நாட்டு எல்லையும் சேர்ற இடத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ. அவனும் ஊருக்குப் போய் "பய ஜம்முனு இருக்கான்"னு சொல்லியிருப்பான்.

ஆனா அவன் பார்த்தது வேற. ஃப்ரிட்ஜ்ல அரை வெங்காயம், கொஞ்சம் தயிர். ஞாயித்துக்கிழமை இங்க கடையே திறக்காது, ஓடிப்போய் வாங்கிட்டு வந்து சமாளிக்கவும் வழியில்லை. சுவத்துல பரிட்சை அட்டவணை, அதுல ஒரு பேப்பர்ல சிவப்பு வட்டம், பக்கத்துல 3-ன்னு எழுதியிருந்தேன்.

"மாப்ள, இது மூணாவது தடவையா?"

இங்க பெரும்பாலான பல்கலைக்கழகங்கள்ல ஒரு பேப்பரை மூணு தடவைதான் எழுதலாம். மூணாவதும் போச்சுன்னா அந்தப் படிப்பே போச்சு. நான் வந்த 2023-ல விசாவுக்கு 11,208 யூரோவை முடக்கிக் காட்ட வேண்டியிருந்தது, அதுக்கு வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போச்சு. இதை வச்சுக்கிட்டு வீடியோ கால்ல அம்மாகிட்ட "மூணாவது தடவை எழுதுறேன்"னு எந்தப் பிள்ளை சொல்லுவான்? யாருக்குமே தெரியாது, இவன் ஒருத்தனைத் தவிர.

புத்தி சொல்வான்னு நெனச்சேன், சொல்லலை. பாத்திரம் கழுவினான். எங்கம்மா குடுத்துவிட்ட பருப்புப்பொடியை எடுத்து வச்சான் (நெய் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள பால் பொருள் கொண்டு வரக்கூடாதுன்னு விசாரிச்சுட்டு வந்திருக்கான், விவரமான ஆளு). சோறு வடிச்சான். அப்புறம் "உன் பேப்பர்ல என்னதான் இருக்கு, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு"ன்னு உக்காந்துட்டான். வெப்பக் கடத்தல். மூணு மணி நேரம் சொன்னேன். தமிழ்ல அதை ஒருத்தனுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கே எங்க ஓட்டைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

பாஸ்தான், 4.0. சந்தோஷப்படாதீங்க, இங்க 1.0 தான் உச்சம், 4.0-ங்கிறது நம்ம ஊரு 35 மார்க் மாதிரி :-)

சரி, எல்லாருமே சொல்லாம வரலாமான்னு கேட்டா, கூடாது. சொந்தக்காரங்க கண்டிப்பா சொல்லிட்டுத்தான் வரணும், அங்க பார்த்தது அடுத்த கல்யாண வீட்டுல பேச்சாயிடும். பகிர்ந்து தங்குற வீட்டுல மத்தவங்க சம்மதமும் வேணும். நம்மகிட்ட காட்டிக்க ஒண்ணுமே இல்லாத காலத்துலயே நம்மளைத் தெரிஞ்சவனுக்குத்தான் அந்த உரிமை. பார்த்ததை ஊர்ல போய் ஒப்பிக்கவும் கூடாது. இவன்கிட்ட அம்மா கேட்டதுக்கு "கொஞ்சம் எளைச்சிருக்கான், நல்லா சாப்பிடச் சொல்லுங்க"ன்னு மட்டும் சொன்னானாம்.

போறதா இருந்தா ஒரு விஷயம், ஞாயித்துக்கிழமையா இருந்தா வழியிலயே ரயில்வே ஸ்டேஷன் கடையில ஏதாவது வாங்கிக்கோங்க. அங்க போய் ஃப்ரிட்ஜை நம்பாதீங்க.