பெற்றோர் கையொப்பம்

2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அமெரிக்காவில் அன்றைக்கே ஹாலோவீன். மறுநாள் நவம்பர் 1, இரவு 11:59-க்குக் கல்லூரி விண்ணப்பங்களின் முதல் கெடு. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு வாசலில் முகமூடி போட்ட குழந்தைகள் மிட்டாய்க்காக மணியடித்துக்கொண்டே இருந்தார்கள். சாமி அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் என் மகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தொடாத அதிரசம். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு மாதமாக நான் நின்ற இடம் அதுதான்.

“ஈடி அக்ரிமென்ட் உங்க மெயிலுக்கு வந்திருக்கும்ப்பா. சைன் பண்ணிடுங்க” என்றாள். போனை எடுத்தேன், பெயரைத் தட்டினேன், அனுப்பினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வாடகை ஒப்பந்தத்தைக்கூட வரிவரியாகப் படிக்கிறவன் நான். அதைப் படிக்கவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே கல்லூரிச் சேர்க்கைக்குப் பொதுவான கெடு ஜனவரித் தொடக்கத்தில் வரும். அதற்கு முன்பே நவம்பரில் ஒரு சுற்று உண்டு. அதில் எர்லி ஆக்‌ஷன் என்பது லேசானது. முன்னதாக விண்ணப்பிக்கலாம், முன்னதாகப் பதில் வரும், மே 1 வரை யோசித்துச் சொல்லலாம். எர்லி டிசிஷன், அதாவது ஈடி, அப்படியல்ல. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளியின் கவுன்சலர் மூவரும் அதற்குக் கையெழுத்திடுகிறார்கள். சில தனியார் கல்லூரிகள் முதலாண்டு இடங்களில் பாதியளவை இந்தச் சுற்றிலேயே நிரப்பிவிடுவதால், பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஆகஸ்டிலிருந்தே “ஈடி எங்கே?” என்பதுதான் பேச்சு. போட்ட கையெழுத்திலிருந்து விலக அநேகமாக ஒரே வழிதான்: கல்லூரி தரும் உதவித்தொகை குடும்பத்துக்குப் போதவில்லை என்று சொல்லி விடுவிக்கக் கேட்பது.

இந்த விண்ணப்பத்தில் பிள்ளை செய்ய வேண்டியது என்று ஒரு பங்கு இருக்கிறது, பெற்றோர் செய்ய வேண்டியது என்று ஒரு பங்கு இருக்கிறது. பிள்ளையின் பங்கு முழுவதிலும் நாங்கள் கைவைத்தோம். எங்கள் பங்கைத் தொடவேயில்லை. இது என் ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். தமிழ்ப்பள்ளி வாசலில் காரில் காத்திருக்கும் அப்பாக்களோடும், கொலுவுக்கு வீடு வீடாகப் போய்வரும் அம்மாக்களோடும் பேசிய பிறகு எழுதுகிறேன். பேசியவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

எங்கள் பங்கில் முதலாவது ஒரு படிவம். இங்கே பள்ளிக் கவுன்சலர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். ஒரு கவுன்சலருக்கு 250 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பல பொதுப்பள்ளிகளில் அதைவிட அதிகம் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் அவர் எப்படி அறிவார்? அதனால் பல பள்ளிகள் பெற்றோரிடம் ஒரு படிவம் கொடுத்துக் கேட்கின்றன: உங்கள் பிள்ளை எப்படிப்பட்டவர், அவர் குணத்தைக் காட்டும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்று. எங்களுக்கும் வந்தது. மதிப்பெண், கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களின் எண்ணிக்கை, அரங்கேற்றம் நடந்த தேதி, கணிதப் போட்டியில் வாங்கிய இடம் என்று எழுதி அனுப்பினேன். சம்பவம் கேட்ட கட்டத்தில் எழுத எதுவும் வரவில்லை. மனைவியிடம் கேட்டேன். அவளும் யோசித்தாள். “சின்ன வயசுல...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். இரண்டு பேருக்கும் பத்து வயதுக்கு மேற்பட்ட மகளைப் பற்றிச் சொல்ல ஒரு கதையும் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டே அனுப்பினோம்.

அந்தப் படிவம் வந்த கோடையிலேயே அவள் கட்டுரையின் முதல் வரைவைக் காட்டினாள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் 650 சொற்களுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவள் சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போவாள். அங்கே பெரிய எழுத்தில் அச்சான புத்தகங்களுக்குத் தனியாக ஓர் அலமாரி இருக்கிறது. அதைத் தேடி வாராவாரம் வரும் ஒரு முதியவர், ஒரே துப்பறியும் நாவலை மூன்று முறை எடுத்துப் போயிருக்கிறார். மறதியால்தான் திரும்ப எடுக்கிறார் என்று இவள் நினைத்து, ஏற்கெனவே படித்துவிட்டீர்களே என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அது தெரியும், என் மனைவிக்குப் பிடித்த புத்தகம், அவள் இப்போது இல்லை என்று அவர் சொன்னாராம். கட்டுரை அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை அலமாரியின் கண்மட்டத் தட்டில் வைக்க ஆரம்பித்தாளாம்.

படித்துவிட்டு நான் கேட்டது: “இதுல நீ என்ன சாதிச்சே? அரங்கேற்றத்தைப் பத்தி எழுதும்மா.”

கவுன்சலர் கேட்ட சம்பவம் இதுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் நான்கு முறை திருத்தி எழுதினாள். பணம் கொடுத்து அமர்த்திய ஆலோசகர் ஒரு முறை, நான் மூன்று முறை மேலே கைவைத்தோம். கடைசியில் ஒன்பது வயதிலிருந்து பரதம் கற்றதன் மூலம் விடாமுயற்சியை அறிந்த ஒரு பெண் அந்தக் கட்டுரையில் இருந்தாள். யாருடைய மகளாகவும் இருக்கக்கூடிய பெண்.

அந்த வருடம் நவராத்திரி அக்டோபர் 3-இல் தொடங்கியது. கொலு பார்க்கப் போன இடத்திலெல்லாம் சுண்டலை வாங்கிக்கொண்டே பிள்ளைகளிடம் “எங்கெங்கே போட்டிருக்கே?” என்று கேட்டோம். அந்த வயதில் நம்மிடம் ரேங்க் கேட்ட மாமாக்களை எப்படி வெறுத்தோம் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. நான்காம் நாளிலிருந்து மகள் எந்த வீட்டுக்கும் வரவில்லை. ஹோம்வொர்க் இருக்கிறது என்றாள். நம்புவதுபோல் இருந்துவிட்டோம்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் பெரிய பிழை.

பல தனியார் கல்லூரிகளில் கட்டணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலருக்கு மேல் போய்விட்டது. சில 90,000-ஐத் தாண்டிவிட்டன. நான்கு ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டின் விலை வரும். எந்தக் குடும்பம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே ஏறத்தாழத் தெரிந்துகொள்ள வழியும் இருக்கிறது. 2011 முதல் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சம்பளம், சேமிப்பு, வரி விவரங்களைப் போட்டால் ஒரு மதிப்பீடு வந்துவிடும். வருமான வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. ஒரு கார் வாங்க நான்கு வாரம் ஆராய்ச்சி செய்கிற நாங்கள் அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்கவில்லை.

இன்னொன்று. உதவித்தொகைக்குக் கல்லூரிகள் பார்ப்பது இந்த வருட வருமானத்தை அல்ல. 2025 இலையுதிர் காலத்தில் சேர்கிற பிள்ளைக்கு 2023-ஆம் ஆண்டின் வருமானம்தான் கணக்கு. அதாவது பிள்ளை பத்தாம் வகுப்பில் பாதியும் பதினொன்றில் பாதியுமாக இருந்த வருடம். பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில் விழித்துக்கொண்டவர்களுக்கு அந்த வருடம் எப்போதோ முடிந்திருந்தது. தாம்பரத்துக்கு அப்பால் வாங்கிப்போட்ட மனையும் கணக்கில் சேரும். அக்டோபர் கடைசி வாரத்தில் எங்கள் வாட்ஸாப் குழுவில் “ஊர்ல இருக்குற பிளாட்டைக் காட்டணுமா?” என்று அடுத்தடுத்துக் கேள்விகள் விழுந்தன. தெரியாமல் கேட்டவர்களும் உண்டு, தெரிந்தே கேட்டவர்களும் உண்டு.

பணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஏன் பேசவில்லை? என் வரையில் காரணம் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் நான் எஞ்சினியரிங் சேர்ந்தபோது அப்பா அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தார். எனக்கு அது என் கல்யாணத்தின்போதுதான் தெரிந்தது, அதுவும் அத்தை வாய்தவறிச் சொல்லி. பிள்ளைக்குப் பணக்கவலை தெரியாமல் வளர்ப்பதுதான் நல்ல அப்பனுக்கு அழகு என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன். எங்களில் ஏறக்குறைய எல்லாரிடமும் இப்படி ஒரு சங்கிலியோ ஒரு காணி நிலமோ இருக்கிறது. ஆனால் அப்பா அடகு வைத்தது ஒரு செமஸ்டர் கட்டணத்துக்காக. நான் மறைத்தது என் பென்ஷன் சேமிப்பு மொத்தத்தையும் விழுங்கக்கூடிய தொகையை. அதுவும் கட்டப்போகிறேன் என்ற முடிவோடு அல்ல, எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்பாவின் மௌனத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. என் மௌனத்துக்குப் பின்னால் அது இல்லை.

விசாவைப் பற்றியும் எங்களில் பலர் இதே மௌனத்தைத்தான் கடைப்பிடித்தோம். எச்-1பி விசாவில் வேலை பார்த்துக்கொண்டு கிரீன் கார்டுக்குப் பத்துப் பதினைந்து வருடமாக வரிசையில் நிற்கிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை நகர்வதேயில்லை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இருப்பது எச்-4 விசாவில். மூன்று வயதில் வந்து, இங்கேயே மழலையர் பள்ளி தொடங்கிப் படித்தவர்கள். அவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. பல கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர்களோடு சேர்த்தே பார்க்கின்றன. 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும், வேறு விசாவுக்கு மாற வேண்டும். இவையெல்லாம் பெற்றோருக்குத் தெரியும். வக்கீலுக்குப் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள்தானே.

நண்பர் ஒருவர் சொன்னார். மகன் செப்டம்பரில் விண்ணப்பத்தில் குடியுரிமை கேட்கும் பகுதிக்கு வந்திருக்கிறான். மாடியிலிருந்தே குரல் கொடுத்தானாம்: “அப்பா, இதுல நான் என்ன போடணும்?” இவர் கீழே கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கத்தியை வைத்துவிட்டு மேலே போனார். சொன்னார். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, நண்பர்களுக்குத் தெரியுமா என்று கேட்டானாம். யாருக்கு என்னென்ன தெரியும் என்று அவன் கணக்குப் போடுவதாக இவருக்குப் பட்டதாம். பதினான்கு வருடமாக, பையன் கவலைப்படுவானே என்று சொல்லாமல் இருந்தவர். அன்றைக்கு ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் அவன் தலையில் இறக்க வேண்டியதாயிற்று, கெடுவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது.

எங்கள் வீட்டில் டிசம்பர் நடுவில் ஒரு மாலை ஏழு மணிக்கு முடிவு வந்தது. இடம் கிடைத்திருந்தது. மகள் கத்திய கத்தலில் தம்பி பயந்துபோய் ஓடிவந்தான். மனைவி கேசரி கிளறினாள். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னோம். எல்லாரும் தூங்கிய பிறகு உதவித்தொகைக் கடிதத்தைத் திறந்தேன். இரண்டு சம்பளம், ஊரில் ஒரு மனை: எங்களுக்குக் கல்லூரி தர எதுவும் இல்லை. அந்த எண்ணை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காகிதத்தில் எழுதி, நான்கால் பெருக்கினேன். தம்பிக்கும் சேர்த்துப் பார்த்தேன். விடியும்வரை சமையலறையில்தான் இருந்தேன்.

சொல்வதற்கு இரண்டு நாள் ஆனது. அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கலாமேப்பா. நான் வேற காலேஜ் பாத்திருப்பேனே.”

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவள் கோபப்பட்டது பணம் இல்லாததற்காக அல்ல. நான்கு மாதம் அவள் பார்த்த கல்லூரி வீடியோக்கள், அங்கே பாடம் நடத்துகிற ஒரு பேராசிரியரைப் பற்றி அவள் தனியாக எழுதிய கட்டுரை, தேர்ந்தெடுத்து வைத்த விடுதி, எல்லாவற்றையும் நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பதற்காக. விடுவிக்கக் கேட்கும் கடிதத்தை அவளே எழுதினாள். கல்லூரி மறுக்கவில்லை. ஜனவரிக் கெடுவுக்கு இரண்டு வாரத்தில் மிச்ச விண்ணப்பங்களை எழுதினாள், தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. அந்த விண்ணப்பங்களில் அவள் அனுப்பியது நூலகத்து முதியவரைப் பற்றிய கட்டுரையை என்று பல மாதம் கழித்து மனைவி சொன்னாள்.

இப்போது எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். செலவு அந்த முதல் கல்லூரியில் ஆகியிருக்கக்கூடியதில் பாதிகூட இல்லை. அவளுக்கு அங்கே பிடித்திருக்கிறது என்கிறாள். அதைச் சொல்லி என் பிழையைக் குறைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

அந்த டிசம்பரில் எங்கள் வாட்ஸாப் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. நான் நன்றி என்று போட்டேன். விலகியதைப் போடவில்லை. எனக்கு அடுத்த வருடக் கெடுவுக்குத் தயாராகிற நாற்பது குடும்பங்கள் அந்தக் குழுவில் இருந்தன. ஒரு வரி போதும், சிலராவது கால்குலேட்டரைத் திறந்திருப்பார்கள். எனக்கு முந்தைய வருடத்துக்காரர்கள் என்னிடம் சொல்லாததும் இதைத்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மூன்று வீடுகளிலாவது இதேபோல் நடந்திருக்கிறது. மானம் போய்விடுமென்று ஒவ்வொருவரும் அடுத்தவர் பிள்ளையை அதே பள்ளத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. 2027-இல் கல்லூரிக்குப் போவான். அவனுக்கு 2025-இன் வருமானம்தான் கணக்கு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியும் நானும் வரிப் படிவம், வங்கிக் கணக்கு, வீட்டுக் கடன் பாக்கி, ஊரில் அம்மாவின் மருந்துக்கு அனுப்புகிற தொகை எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி அவனைக் கூப்பிட்டோம். எதிரில் உட்கார்ந்தேன், பின்னால் நிற்கவில்லை. வருடத்துக்கு எங்களால் எவ்வளவு முடியும் என்று அந்த எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன்.

அவனே சொன்னான். ஆயிரம் டாலர்கூடத் தப்பில்லை.

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“அக்கா அப்பவே சொல்லிட்டா” என்றான். “நீங்க சொல்ல மாட்டீங்கன்னும் சொன்னா.”