வெண்டிலேட்டர்கள் வந்தன, ரத்த வாயுவை அளப்பது யார்?

புதுதில்லி: கரோனா பெருந்தொற்றின் முதல் ஆண்டில், 2020 மே 13-ஆம் தேதி, பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து ரூ. 3,100 கோடி ஒதுக்கப்படுவதாகப் பிரதமர் அலுவலகம் அறிவித்தது. அதில் ரூ. 2,000 கோடி, உள்நாட்டில் தயாரிக்கப்படும் 50,000 வெண்டிலேட்டர்களை வாங்குவதற்கானது. மறு ஆண்டு இரண்டாவது அலை நாட்டை உலுக்கியபோது, மருத்துவமனை வளாகங்களிலேயே ஆக்சிஜன் தயாரிக்கும் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கும் அதே நிதி கை கொடுத்தது. மூச்சுத் திணறும் நோயாளிக்குப் பிராணவாயுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க, இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய முயற்சி அதற்கு முன் நடந்ததில்லை எனலாம்.

ஆனால், கொடுத்த பிராணவாயு ரத்தத்தில் கலந்ததா, வெளியேற வேண்டிய கரியமில வாயு வெளியேறியதா என்பதை எப்படி அறிவது? அதற்கென்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ரத்த வாயுப் பரிசோதனை என்பது அதன் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.பி.ஜி. என்பார்கள். பெருநகரத் தனியார் மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அது அன்றாட நடைமுறை. மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் நள்ளிரவு இரண்டு மணிக்கு அது கிடைக்குமா என்பதோ ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆக்சிஜனை டன் கணக்கில் பேசக் கற்றுக்கொண்ட நமது அரசியல், நோயாளியின் ரத்தத்தில் அதை அளப்பது பற்றி இன்னும் பேசத் தொடங்கவில்லை.

பரிசோதனை எளிமையானதுதான். பெரும்பாலும் மணிக்கட்டில் உள்ள தமனியிலிருந்து ஒன்றிரண்டு மில்லி லிட்டர் ரத்தம் எடுத்துக் கருவியில் செலுத்தினால், சில நிமிடங்களில் அச்சிட்ட சீட்டு வெளிவரும். ரத்தத்தின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள் இருக்கிறதா, ஆக்சிஜன் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்பதை அது சொல்லும். இன்றைய கருவிகளில் பல, அதே துளி ரத்தத்திலிருந்து பொட்டாசியம், சர்க்கரை, லாக்டேட் ஆகியவற்றையும் சொல்லிவிடுகின்றன. கடும் கிருமித்தொற்றில் ரத்த அழுத்தம் சரிந்தவர், சர்க்கரை நோய் முற்றி மயங்கியவர், பூச்சிக்கொல்லி அருந்தியவர், பிறந்ததும் அழாத சிசு என எவராயினும் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வதில் இந்தச் சீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் போதாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. கரோனா காலத்தில் அது வீட்டுப் பொருளாகவே ஆகிவிட்டது. ஆனால், அது சொல்வது ஆக்சிஜன் செறிவை மட்டுமே. கரியமில வாயு பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆக்சிஜன் அளவிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் எனக் காட்டியவர்களின் தமனி ரத்தத்தைச் சோதித்தபோது, உண்மையான செறிவு 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதத்தினருக்கு, கறுப்பினத்தவரில் 11.7 சதவீதத்தினருக்கு. தோலின் நிறம் கருவியை ஏமாற்றுகிறது என்பதே இதன் பொருள். பல நிறத் தோல் கொண்ட மக்கள் வாழும் இந்தியாவில் இது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தியன்று.

தில்லியின் குளிர்காலம் இதற்கு மற்றோர் உதாரணம். நவம்பர் பிறந்ததும் புகைமூட்டம் கவிய, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளை நாடி வருகின்றனர். அவர்களில் புகைபிடித்தவர்களும் உண்டு. ஆயுள் முழுதும் விறகடுப்பின் முன் அமர்ந்திருந்த பெண்களும் உண்டு. மூச்சு வாங்குகிறதே என்று இவர்களுக்கு ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டால், சிலருக்கு உடலில் கரியமில வாயு தேங்கி, மெல்ல மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவர். விரலில் உள்ள கருவியோ 99 சதவீதம் எனக் காட்டிக் கொண்டிருக்கும். நோயாளி நிம்மதியாக உறங்குவதாக உறவினர்கள் நினைப்பர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், இத்தகையோருக்கு ஆம்புலன்ஸிலேயே ஆக்சிஜனை அளவோடு கொடுத்தபோது, தாராளமாகக் கொடுத்தவர்களுடன் ஒப்பிடுகையில் இறப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்தது.

இந்தப் பரிசோதனை பிறந்த கதையும் ஒரு தொற்றுநோயின் கதைதான். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து, அன்றைய இயந்திரங்களில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். ரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்ததைக் கண்ட மருத்துவர்கள், அதைக் காரத்தன்மை எனத் தவறாகப் புரிந்துகொண்டனர். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன்தான், இது கரியமில வாயு தேங்கியதன் அடையாளம் என்றார். பி.எச். அளந்து பார்த்தபோது அவர் சொன்னதே சரியாக இருந்தது. தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவு பகலாகக் கைப்பையை அழுத்திக் காற்று செலுத்தினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. அம்மருத்துவமனை ஆய்வகத்தின் தலைவர் பால் ஆஸ்ட்ரப் வகுத்த அளவீட்டு முறையே பின்னாளைய ரத்த வாயுக் கருவிகளுக்கு வழிவகுத்தது. உலகின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கெல்லாம் தொடக்கமாகக் கருதப்படும் அந்த நிகழ்வில், காற்றைச் செலுத்தும் கையும் ரத்தத்தை அளக்கும் ஆய்வகமும் சேர்ந்தே இயங்கின. நாம் வாங்கியபோது ஒன்றை மட்டும் பட்டியலின் தலைப்பில் எழுதினோம்.

2021 மே மாதம், மத்திய அரசு வழங்கிய வெண்டிலேட்டர்கள் சில மாநிலங்களில் கிடங்குகளில் கிடப்பதாகச் செய்தி வந்ததும், அவை நிறுவப்பட்டதையும் இயங்குவதையும் உடனே தணிக்கை செய்யுமாறு பிரதமர் உத்தரவிட்டார். தேவையெனில் ஊழியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கவும் கூறினார். பழுதான வெண்டிலேட்டர்கள் பற்றி மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளையும் அதே மாதம் கேள்வி எழுப்பியது. வழக்கு, தணிக்கை, பயிற்சி எல்லாம் இயந்திரம் ஓடுகிறதா என்பதையே சுற்றி வந்தன. ஓடும் இயந்திரத்தை எந்த அளவில் வைப்பது என்பதைச் சொல்லும் பரிசோதனை பொது விவாதத்தில் இடம் பெறவில்லை. வெண்டிலேட்டர் முன் நின்று படம் எடுத்துக் கொள்ளலாம்; சோதனைக் கருவியின் கேட்ரிட்ஜுக்கு எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

கருவியை வாங்கிவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. எடுத்த ரத்தம் உயிருள்ள பொருள். அதில் உள்ள வெள்ளணுக்கள் குழாய்க்குள்ளும் ஆக்சிஜனைச் செலவழித்து, கரியமில வாயுவை வெளியிட்டுக் கொண்டே இருக்கும். எனவே, அரை மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும் என்பது பொது விதி. வேறு கட்டடத்தில் உள்ள ஆய்வகத்துக்கு ஊழியர் ஒருவர் நடந்து கொண்டுபோய், வரிசையில் வைத்து, காலையில் முடிவு வருமானால், அது அந்த நோயாளியின் முடிவே அல்ல. ஐஸில் வைத்து அனுப்பும் பழைய வழக்கமும் இன்றைய பிளாஸ்டிக் சிரிஞ்சுகளுக்குப் பொருந்தாது. குளிர்ந்த பிளாஸ்டிக் வழியே ஆக்சிஜன் ஊடுருவும். சிரிஞ்சில் ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் அளவுகள் மாறிவிடும்.

இவற்றைவிட நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பது ஒன்று உண்டு. உலர் ஹெப்பாரின் பூசிய தனி சிரிஞ்சு விலை கூடுதல் என்பதால், சாதாரண சிரிஞ்சில் திரவ ஹெப்பாரினை இழுத்து வெளியேற்றிவிட்டு, அதிலேயே ரத்தம் எடுக்கின்றனர். உள்ளே தங்கும் மிச்ச மருந்து ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்து, கரியமில வாயுவையும் பைகார்பனேட்டையும் குறைத்துக் காட்டும். இல்லாத அமிலத்தன்மைக்குச் சிகிச்சை தொடங்கக்கூடும். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பல லட்ச ரூபாய்க் கருவி தவறான விடை சொல்லும் நிலை இது. வேகம் மட்டுமன்றி, நம்பகத்தன்மையும் வேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான். மருத்துவ வேதியியல் பரிசோதனைகளின் தரத்தை வெளியிலிருந்து மதிப்பிடும் திட்டத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாக நடத்தி வருகிறது. ஆய்வகத்துக்குள் வேரூன்றிய இத்தகைய ஒழுங்கு, படுக்கையருகே வைக்கும் கருவிகளுக்கும் வந்தாக வேண்டும்.

செலவின் கணக்கு இன்னும் விசித்திரமானது. இன்றைய கருவிகளில் பலவும் கேட்ரிட்ஜில் இயங்குபவை. கேட்ரிட்ஜைக் கருவிக்குள் பொருத்திய நாளிலிருந்து சில வாரங்களே அதன் ஆயுள். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் காலாவதியாகிவிடும். நூறு பரிசோதனைக்கான கேட்ரிட்ஜைப் பெரிய மருத்துவமனை ஓரிரு நாளில் தீர்த்துவிடும். இருபது நோயாளிகளுக்கு மட்டும் பயன்பட்ட சிறிய மருத்துவமனை, எண்பதைக் குப்பையில் போடும். அதாவது, ஒரு பரிசோதனைக்கு ஏழை மாவட்டம் தருவது பணக்கார நகரம் தருவதைப் போல ஐந்து மடங்கு. கணக்கு கேட்கும் அதிகாரி இதை வீண்செலவு என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், தீயணைப்பு வண்டி எத்தனை நாள் சும்மா நின்றது என்று யாரும் கணக்கெடுப்பதில்லையே.

கொள்கை அளவில் தில்லி உறங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசியப் பரிசோதனைப் பட்டியலில் ரத்த பி.எச். மற்றும் வாயு அளவீடு இடம் பெற்றது. அடுத்த ஆண்டே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நமக்கென ஒரு தேசியப் பட்டியலைத் தயாரித்தது. தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டம், மாவட்ட மருத்துவமனைக்கு 134 பரிசோதனைகளை வரையறுக்கிறது. பட்டியலுக்கும் படுக்கைக்கும் இடையேதான் தூரம். அரசு மருத்துவமனைக் கருவிகளின் பராமரிப்புக்காக 2015-இல் திட்டம் தொடங்கியபோது எடுத்த கணக்கெடுப்பில், 13 முதல் 34 சதவீதம் வரையிலான கருவிகள் இயங்காமல் இருப்பது தெரியவந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் 95 சதவீத நேரம் கருவிகள் இயங்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் இலக்கு. ஆனால், பழுது பார்க்கும் ஒப்பந்தம் வேறு, கேட்ரிட்ஜ் வாங்கும் ஒப்பந்தம் வேறு. கருவி நன்றாக இருந்தும் கேட்ரிட்ஜ் தீர்ந்து நிற்கும் நாள், இயங்கிய நாளாகவே பதிவாகக் கூடும்.

2021 அக்டோபர் 25-இல் வாராணசியில் பிரதமர் தொடங்கி வைத்த ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கட்டமைப்பு இயக்கத்தின் மதிப்பீடு ரூ. 64,180 கோடி, காலம் 2025-26 வரை. ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாவட்டங்களில் தீவிர சிகிச்சைக்கெனத் தனிக் கட்டடங்கள் அமைப்பது அதன் முக்கியப் பகுதி. மொத்தம் 602 மாவட்டங்கள் கணக்கில் வந்தன. இங்கேதான் ரத்த வாயுக் கருவி எங்கே வைக்கப்படும் என்ற கேள்வி கூர்மையடைகிறது. தீவிர சிகிச்சைக் கட்டடத்துக்குள்ளேயே, இரவுப் பணி செவிலியரின் கைக்கெட்டும் தொலைவில் வைத்தால் ஒரு பயன். அதே இயக்கம் மாவட்டந்தோறும் அமைக்கும் ஒருங்கிணைந்த பொது சுகாதார ஆய்வகத்தில் வைத்துப் பூட்டினால் வேறு பயன்.

இறக்குமதி பற்றிய கவலையும் உண்டு. நாட்டின் மருத்துவச் சாதனத் தேவையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை தேசிய மருத்துவச் சாதனக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பரிசோதனைக் கருவிகள், ரசாயனங்கள் மீதான சரக்கு-சேவை வரியும் 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். எனினும், காலாவதியாகும் எண்பது பரிசோதனைகளுக்கு வரி குறைந்து என்ன ஆகப் போகிறது? மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி, கருவிக்கல்லாமல் செய்து முடித்த பரிசோதனைக்கே பணம் என்ற முறை இதற்கு ஓரளவு தீர்வாகும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மொத்தக் கொள்முதல் முறையைப் பின்னாளில் ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் பின்பற்றின. மருந்தில் செய்ததைப் பரிசோதனையிலும் செய்ய முடியாது என்பதற்கு இல்லை.

இதில் அரசியல் பொறுப்பு சார்ந்த ஒரு கோணமும் இருக்கிறது. 2021 ஜூலை 20-இல் மாநிலங்களவையில் மத்திய அரசு அளித்த பதில் பலருக்கு நினைவிருக்கும். ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் எதுவும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்பதே அது. எதிர்க்கட்சிகள் கொதித்தன. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது, அவர்கள் தந்ததையே சொன்னோம் என்றது மத்திய அரசு. ரத்த வாயுச் சீட்டில் தேதியும் மணியும் அச்சாகும். ஒரு நோயாளியின் ஆக்சிஜன் எந்த நேரத்தில் எவ்வளவு சரிந்தது என்பதற்கு அதைப் போன்ற சாட்சி வேறில்லை. சரிவுக்குக் காரணம் நோயா, குழாயில் அழுத்தம் குறைந்ததா என்பதை அது ஒன்றே நிரூபித்துவிடாதுதான். ஆனால், அந்த வசந்தகால இரவுகளில் அளவீடே நடக்காத வார்டுகளில், விவாதிக்கவும் ஓர் ஆதாரம் மிஞ்சவில்லை.

மத்திய அரசு உதவும் இத்தகைய கட்டடங்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் செலவு 60-க்கு 40 என்ற விகிதத்தில் பகிரப்படுகிறது. திட்ட காலம் முடிந்த பின் மாதந்தோறும் வரும் கேட்ரிட்ஜ், சிரிஞ்சு, இரவுப் பணி தொழில்நுட்பர் ஆகிய செலவுகள் மாநில சுகாதாரத் துறையின் தலையில் விழும். மாநில நிதிநிலை அறிக்கைகளில் புதிய கட்டடம் தனி வரியாக இடம் பெறும். கேட்ரிட்ஜோ, "இதர நுகர்பொருள்கள்" என்ற தலைப்பின் கீழ் மற்ற நூறு பொருள்களோடு கலந்து, ஆண்டின் கடைசிக் காலாண்டில் முதலில் வெட்டப்படும் தொகையாகக் காத்திருக்கும்.